அருங்காட்சியகத்தில் வேலை: பொருளைப் பேணுவோரும் அதற்குப் பணம் திரட்டுவோரும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அருங்காட்சியக வேலை என்றால், எதைச் சேகரித்து எப்படிக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கியூரேட்டர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவருக்குப் பின்னால் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று, பொருள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கன்சர்வேட்டர்கள். இன்னொன்று, அந்த வேலைக்குப் பணம் தேடும் நிதி திரட்டுநர்கள். இந்த இரண்டு வேலையைப் பற்றியும் மாணவர்களும், வேறு துறையிலிருந்து வர நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கன்சர்வேட்டர் என்பவர் யார்? பழைய பொருளைப் புதுசாக்குபவரா?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தோடுதான் பாதிப் பேர் வருகிறார்கள். புதுசாக்கினால் பொருளின் வயசும் போய்விடும், அது சொல்லும் கதையும் போய்விடும். கெடுவதை நிறுத்துவதும், முடியாவிட்டால் தாமதப்படுத்துவதும்தான் கன்சர்வேட்டரின் முதல் வேலை. பார்வைக்குச் சீராக்குவது அதற்கப்புறம், அதுவும் தேவைப்படும் அளவுக்கு மட்டும்.

“பொருள்களின் மருத்துவர்” என்று சொல்வார்கள். பாதி சரி. ஆனால் மருத்துவர் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்கலாம். இங்கே கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அன்றாடம் என்னதான் செய்வார்கள்?

ஒரு பழைய எண்ணெய் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் தூரிகையே கையில் எடுப்பதில்லை. முன்னும் பின்னும் படம் எடுப்பார்கள், பக்கவாட்டில் விளக்கை வைத்து மேடுபள்ளம் பார்ப்பார்கள், புற ஊதா ஒளியில் பழைய ஒட்டுவேலை எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். எல்லாவற்றையும் எழுதுவார்கள். இதற்கு நிலை அறிக்கை என்று பெயர். எந்த மூலையில் எத்தனை மில்லிமீட்டர் விரிசல் என்பது வரை அதில் இருக்கும்.

பிறகு சுத்தம் செய்வது. மூங்கில் குச்சி நுனியில் துளி பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் நனைத்து, ஓரத்தில் நகக்கண் அளவு இடத்தில் உருட்டிப் பார்ப்பார்கள். தேய்ப்பது கிடையாது, உருட்டுவதுதான். பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அழுக்கு அல்லது பழைய வார்னிஷ். சிவப்போ நீலமோ துளி தெரிந்தாலும் கை நின்றுவிடும், ஏனென்றால் ஓவியனின் வண்ணமே கரைகிறது. கரைப்பானை மாற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளில் உள்ளங்கை அளவு இடம் முடிந்தால் நல்ல நாள்.

கரைப்பானுக்குப் பதில் எச்சிலைத் தொட்டுச் சுத்தம் செய்யும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. கேலி இல்லை. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிதான் அழுக்கைப் பிரிக்கிறது என்று போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதற்கு 2018-இல் வேதியியலுக்கான இக்நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. இரண்டுமே நடந்தது.

“திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்” என்கிறார்களே, அது என்ன?

நீங்கள் இன்று போடும் பசையை, ஐம்பது வருஷம் கழித்து வருபவர் பொருளைக் காயப்படுத்தாமல் நீக்க முடிய வேண்டும். அதனால்தான் ஒட்டுவதற்கு பாரலாய்ட் பி-72 போன்ற அக்ரிலிக் பிசினை விரும்புகிறார்கள். அசிட்டோன் பட்டால் அது கரைந்து வந்துவிடும். காகிதத்துக்குக் கோதுமை மாவுப் பசையும் ஜப்பானியத் தாளும். தண்ணீர் பட்டாலே அந்தப் பசை இளகும்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு பழங்கால எகிப்திய மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடியே சாட்சி. 2014 ஆகஸ்டில் அதன் தாடி கழன்றது. பதற்றத்தில் எபாக்சிப் பசையைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். பசை வெளியே வழிந்து, அதைச் சுரண்டிய கீறலும் தங்கத்தில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மானிய, எகிப்திய வல்லுநர்கள் சேர்ந்து மரக் கருவிகளால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பசையை நீக்க வேண்டியிருந்தது. மறுபடி ஒட்டும்போது அவர்கள் தேர்ந்தெடுத்தது தேன்மெழுகு. பழங்காலக் கைவினைஞர்களே பயன்படுத்திய சரக்கு.

நேர்முகத் தேர்வில் “உங்கள் கையில் பொருள் உடைந்தால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வி எப்படியும் வரும். சரியான பதில்: “கையை எடுத்துவிட்டுப் படம் எடுப்பேன், துண்டுகளைச் சேகரிப்பேன், உடனே சொல்வேன்.” ஒட்டுவேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

பொருளைத் தொடாமலே செய்யும் வேலையும் இருக்கிறதாமே?

இருக்கிறது. வேலைவாய்ப்பும் அங்கேதான் அதிகம் என்பது என் எண்ணம். தடுப்புப் பேணல் என்பார்கள். வெளிச்சம், ஈரப்பதம், பூச்சி, தூசி, கையாளும் விதம் இவற்றைக் கவனித்தாலே பெரும்பாலான சேதம் வராது.

வெளிச்சத்தைப் பாருங்கள். துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பொதுவான வரம்பு, எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். இந்த அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் முணுமுணுப்பது இதனால்தான். ஒளியால் வெளுத்த சாயத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியே கிடையாது.

ஈரப்பதத்தின் கதை இன்னும் பழையது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருள்கள் சிலவற்றை லண்டன் சுரங்க ரயில் பாதையில் ஒளித்து வைத்தது. குண்டிலிருந்து தப்பின. திறந்து பார்த்தால் இரும்பு துருப்பிடித்து, வெண்கலத்தில் களிம்பேறி, கல்லில் உப்புப் பூத்திருந்தது. காரணம் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாளரை அழைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1920-இல் வந்த அந்த அருங்காட்சியகத்தின் ஆய்வகம். பெர்லினில் ஃப்ரீட்ரிக் ராட்கன் 1888-லேயே இப்படி ஓர் ஆய்வகத்தைத் தொடங்கிவிட்டார்.

பூச்சி வந்த துணியையோ மரத்தையோ பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 பாகை செல்சியஸ் குளிரில் ஒன்றிரண்டு வாரம் வைப்பார்கள். மருந்தே தேவையில்லை. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருளின் மேல் வியர்த்து ஈரம் படிந்துவிடும். அவசரக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

எந்தெந்தப் பிரிவுகள் இருக்கின்றன?

ஓவியம், காகிதமும் நூலும், துணி, கல், உலோகம், மரம், அகழாய்வுப் பொருள், புகைப்படம் என்று போகிறது. ஒரு பிரிவில் பயின்றவர் இன்னொன்றில் எளிதாகக் கை வைக்க மாட்டார். எல்லோரும் ஓவியத்துக்கே ஓடுகிறார்கள், அங்கே கூட்டம். பிளாஸ்டிக், ரப்பர், வீடியோ கலை, பழைய கணினி இவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் குறைவு. 20-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் எல்லா அருங்காட்சியகங்களிலும் சேர்ந்துகொண்டே போகின்றன, கல்லையும் களிமண்ணையும்விட வேகமாகக் கெடுகின்றன. இப்போது படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

என்ன படிக்க வேண்டும்? வேதியியல் கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கரிம வேதியியல். எந்தக் கரைப்பான் எதைக் கரைக்கும் என்று தெரியாமல் பஞ்சுக் குச்சியைத் தொட முடியாது. அதோடு கலை வரலாறு அல்லது தொல்லியல், கூடவே வரைதல், தையல், புத்தகக் கட்டுமானம் என ஏதாவது ஒரு கைவேலை. இந்த மூன்றும் சேர்ந்தவரைத்தான் முதுகலைப் படிப்புகள் தேடுகின்றன. ரோமில் 1939-இல் தொடங்கிய மத்திய மறுசீரமைப்புக் கழகம், இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் உள்ள ஒபிஃபிச்சியோ டெல்லே பியேத்ரே துரே என்ற மறுசீரமைப்பு நிறுவனம், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கன்சர்வேஷன் மையம், டெலவேர் பல்கலைக்கழகமும் விண்டர்தர் அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்தும் படிப்பு ஆகியவை பெயர் பெற்றவை. இடங்கள் மிகக் குறைவு. பல இடங்களில் சேர்வதற்கு முன்பே ஏதாவது ஆய்வகத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ரோமில் உள்ள இக்ரோம் என்ற அரசுகளுக்கிடையேயான அமைப்பு குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது.

விண்ணப்பத்தோடு கேட்கும் கைவேலைத் தொகுப்பில் சிறந்த படைப்பை மட்டும் வைக்காதீர்கள். தோற்றுப்போன ஒன்றையும் வைத்து, ஏன் தோற்றது என்று நாலு வரி எழுதுங்கள். தேர்வாளர்கள் அதைத்தான் நின்று படிப்பார்கள்.

கை லேசாக நடுங்கும். முடியுமா?

முடியும். மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளச் சொல்லித் தருவார்கள். பொறுமை இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

இந்த வேலையில் உடல்நலத்துக்கு ஆபத்து உண்டா?

உண்டு. கரைப்பான் ஆவி, பூஞ்சை, கழுத்துவலி. அதைவிடப் பெரியது பழைய சரக்கில் ஒளிந்திருப்பது. பாடம் செய்த பறவைகள், தோல்கள், இறகு வேலைப்பாடுகள் மேல் ஒரு காலத்தில் பூச்சி வராமலிருக்க ஆர்சனிக் பூசினார்கள். அந்த நஞ்சு இன்னும் அங்கேயே இருக்கிறது. கையுறை, முகமூடி, காற்று இழுவைக் கூண்டு இவை இல்லாத இடத்தில் “சும்மா ஒரு வாரம் உதவுங்கள்” என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

முதுகலைப் பட்டம் இல்லாமல் உள்ளே நுழைய வழி?

இருக்கிறது. காட்சிக்குத் தாங்கி செய்பவர், கடன் கொடுத்து வாங்கும் பொருள்களுக்குக் கணக்கு வைக்கும் ரெஜிஸ்ட்ரார், கிடங்கைக் கவனிப்பவர், பொருள்களைக் கட்டி அனுப்புபவர், ஆய்வக உதவியாளர். இவர்களுக்கு நேர்த்தியும் நம்பகத்தன்மையும் போதும், மற்றதை அங்கேயே கற்கலாம். பித்தளை வேலை தெரிந்த ஒருவர் செய்த தாங்கியில் ஒரு பானை நின்றால், தாங்கி கண்ணுக்கே தெரியாது. அது ஒரு தனிக் கலை, அதற்கு ஆள் கிடைப்பதும் அரிது.

தன்னார்வமும் ஒரு வாசல்தான். 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு ஃப்ளோரன்ஸுக்குள் புகுந்தபோது, சேற்றிலிருந்து புத்தகங்களைத் தூக்கிவர எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வந்தார்கள். “சேற்றுத் தேவதைகள்” என்று ஊர் அவர்களை அழைத்தது. நூல் பேணலின் இன்றைய முறைகள் பல அந்தச் சேற்றில் கற்றவை. ஆனால் வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதைத் தன்னார்வம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, நிதி திரட்டலுக்கு வருவோம். அது கையேந்துவதுதானே?

கூச்சப்படுபவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே அக்கறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த அக்கறைக்கு ஒரு வேலையைக் காட்டுவதுதான் இது. கேட்கும் கணம் பத்து நிமிஷம். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் தெரிந்துகொள்வதும், அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் நன்றியோடு கணக்குச் சொல்வதும்தான் உண்மையான உழைப்பு.

பெரிய பணக்காரர்கள் மட்டும்தான் கொடுப்பார்கள் என்பதும் தவறு. சுதந்திர தேவி சிலை நியூயார்க்குக்கு வர இருந்தது, நிற்க பீடம் கட்டக் காசில்லை. 1885-இல் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர், எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்று தன் நாளிதழில் எழுதினார். சுமார் ஐந்து மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களும் ஒரு லட்சத்துக்கு மேல், பெரும்பாலானோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பெயரைச் சரியாக அச்சிடுவதன் மதிப்பை அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் என்னென்ன பொறுப்புகள்?

அரசோ அறக்கட்டளையோ தரும் நல்கைக்கு விண்ணப்பம் எழுதுபவர், உறுப்பினர் திட்டத்தை நடத்துபவர், பெருங்கொடையாளர்களோடு பேசுபவர், நிறுவனங்களைப் பங்காளியாக்குபவர், உயில்வழிக் கொடைகளைக் கவனிப்பவர், யாரிடம் போகலாம் என்று ஆராய்பவர், தரவுத்தளத்தை ஒழுங்காக வைப்பவர். சின்ன அருங்காட்சியகத்தில் இவ்வளவும் ஒரே ஆள்தான். அங்கே இரண்டு வருஷம் இருந்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும். பேச்சு வராதவர்கள் பயப்பட வேண்டாம், நல்கை எழுதுவதும் ஆராய்வதும் மௌனமாகச் செய்யும் வேலைகள்.

திரட்டும் பணத்தில் கமிஷன் உண்டா?

கிடையாது, கேட்கவும் கூடாது. அமெரிக்காவில் 1960-இல் தொடங்கிய நிதி திரட்டுநர் சங்கத்தின் நெறிமுறை, சதவீதக் கணக்கில் ஊதியம் வாங்குவதைத் தடுக்கிறது. கமிஷன் இருந்தால், கொடையாளருக்கு நல்லது எது என்ற கேள்வி காணாமல் போய் இந்த மாதத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும். வேலைக்கு எடுக்கும்போதே “சம்பளம் இல்லை, பங்கு தருகிறோம்” என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இதற்குப் பட்டம் வேண்டுமா?

வேண்டியதில்லை. பத்திரிகை, விற்பனை, ஆசிரியப் பணி, வங்கி என எங்கிருந்தும் வரலாம். சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு நிதி திரட்டுநர்களுக்கான சிஎஃப்ஆர்இ என்ற சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். நாற்பது வயதுக்கு மேல் துறை மாறுபவர்களுக்கு, பேணலைவிட இந்த வாசல் அகலமானது.

இந்த இரண்டு வேலையும் எங்கே சந்திக்கின்றன?

நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் போட்டுக்கொண்ட உடையைச் சொல்கிறேன். சில நாள் பயணத்துக்காகச் செய்த உடை. அதன் ரப்பர் பாகங்கள் வருஷம் போகப் போக இறுகி நொறுங்க ஆரம்பித்தன. காட்சியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். 2015 ஜூலையில், அதை வைத்திருக்கும் அமெரிக்க அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியன், இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5 லட்சம் டாலர் கேட்டது. ஒரு வாரத்துக்குள் இலக்கு நிறைந்தது. முடிவில் 7 லட்சத்தைத் தாண்டியது, கொடுத்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். நிலவுக்கு மனிதன் போய் ஐம்பது ஆண்டு நிறைந்த 2019 ஜூலையில் உடை மறுபடி காட்சிக்கு வந்தது.

அந்த வேண்டுகோளில் எனக்குப் பிடித்தது ஒன்று. உடையில் ஒட்டியிருக்கும் நிலவுத் தூசியையும் சேர்த்தே காப்போம் என்றார்கள். தூசியைத் துடைக்காமல் விடுவது கன்சர்வேட்டரின் முடிவு. அதை ஒரு வரியில் சொல்லி ஆயிரக்கணக்கானோரைக் கொடுக்க வைத்தது நிதி திரட்டுநரின் வேலை. ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்கு 2019-இல் தொடங்கிய ஆய்வை, காட்சிக்கூடத்திலேயே கண்ணாடி அறை கட்டி எல்லோரும் பார்க்கவே செய்கிறார்கள். அக்சோநோபல் என்ற பெயின்ட் நிறுவனம் அதில் பங்காளி. வண்ணம் தயாரிக்கும் கம்பெனி வண்ணத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம்.

பேணலுக்குப் பணம் கிடைப்பது ஏன் கடினம்?

புதுக் கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரத்தில் யார் பெயர் பொறிப்பார்கள்? வேலை நன்றாக நடந்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ‘ஒன்றும் கெடவில்லை’ என்பதைப் படமெடுத்துக் காட்டவும் முடியாது.

அதனால் கேட்கும் விதம் முக்கியம். “நம் பாரம்பரியத்தைக் காக்கக் கைகொடுங்கள்” என்ற வரியைப் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “எங்கள் கிடங்கில் நாற்பது நிலப்படங்கள் சுருட்டியபடி கிடக்கின்றன. விரித்தால் ஓரம் உடையும், அதனால் எழுபது வருஷமாக யாரும் பார்க்கவில்லை. ஒன்றை ஈரக் காற்றில் மெல்ல இளக்கி விரித்து, பின்னால் ஜப்பானியத் தாள் ஒட்ட இரண்டு நாள் ஆகும். ஒரு படத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?” இதை எழுத, எத்தனை படம், எத்தனை நாள், என்ன செலவு என்று கன்சர்வேட்டர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கணக்கைச் சாதாரண மொழியில் எழுதத் தெரிந்த கன்சர்வேட்டரையும், நிலை அறிக்கையை வாசிக்கத் தெரிந்த நிதி திரட்டுநரையும் விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் அப்படி ஒருவராக இருந்தால் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கும்போது இனிக்கும், பிறகு கசக்கும் பணம் உண்டு. ஆக்சிகான்டின் என்ற வலிநிவாரணி மருந்தை விற்ற பர்டூ ஃபார்மா நிறுவனத்தின் உரிமையாளர்களாக இருந்தவர்கள் சாக்லர் குடும்பத்தினர். பல அருங்காட்சியகங்களில் அவர்கள் பெயர் சுவரில் இருந்தது. ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) அடிமைத்தனத்தால் இறந்தவர்கள் பெருகப் பெருக எதிர்ப்பும் வளர்ந்தது. லூவ்ர் 2019-லும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2021 இறுதியிலும் அந்தப் பெயரை எடுத்தன. கொடையை ஏற்பதற்கான விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று வேலையில் சேருமுன் கேட்டுவிடுங்கள். முழித்தால், முதல் ஆறு மாதத்தில் நீங்கள் எழுத வேண்டியது அதுதான்.

இன்னொன்று. ஓவியத்துக்கென்று கொடுத்த பணத்தைக் கூரை ஒழுகுகிறது என்று மாற்றிச் செலவழிக்கக் கூடாது. அவசரம் என்றாலும் கொடையாளரிடம் கேட்ட பிறகுதான்.

வேலை நிரந்தரமாக இருக்குமா?

பேணலில் ஒரு திட்டத்துக்கான ஒப்பந்த வேலைகள் நிறைய. நல்கை முடிந்தால் வேலையும் முடியும். பலர் சில வருஷத்துக்குப் பிறகு சொந்தமாக ஆய்வகம் வைத்துக்கொள்கிறார்கள். நிதி திரட்டுநர் அருங்காட்சியகத்தை விட்டு மருத்துவமனைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாறலாம், அந்தத் திறமைக்கு எல்லா இடத்திலும் தேவை இருக்கிறது.

ஆனால் பொருளுக்கு ஒப்பந்தக் காலம் தெரியாது. 1628-இல் மூழ்கி 1961-இல் தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலுக்கு, மரம் சுருங்காமலிருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை 17 வருஷம் தெளித்தார்கள். முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 2000-இல் மரத்திலிருந்து அமிலம் வெளிவருவது தெரிந்தது. துருப்பிடிக்கும் இரும்பு ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு போட வேண்டியதாயிற்று. அந்த ஒரு கப்பலை நம்பியே சிலர் தங்கள் முழுப் பணிக்காலத்தையும் கழித்திருக்கிறார்கள்.

இந்த வாரமே ஏதாவது தொடங்க வேண்டும் என்றால்?

பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய், ஒரே ஒரு பொருளின் முன் அரை மணி நேரம் நின்று நிலை அறிக்கை எழுதுங்கள். விரிசல், கறை, பழைய ஒட்டு, தாங்கி, வெளிச்சம் வரும் திசை. அப்புறம் அதே பொருளைப் பற்றி, அதை ஒருபோதும் பார்த்திராத ஒருவருக்கு அரைப் பக்கக் கடிதம் எழுதுங்கள், உதவி கேட்டு. எதை எழுதும்போது நேரம் போனது தெரியவில்லையோ, அந்தப் பக்கம் விண்ணப்பியுங்கள். இரண்டிலுமே நேரம் போனது தெரியவில்லை என்றால், சின்ன அருங்காட்சியகங்களைத் தேடிப் போங்கள்.